சந்தைக்கு வழி காட்டுங்கள்



 

மக்காவில் வணிகராக விளங்கியவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். ஹிஜ்ரத் செய்து மதீனா வந்து சேர்ந்தபோது அவருக்கு அங்கே வீடில்லை, முதலில்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. இப்படி வந்து சேர்ந்தவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? ஊராரைப் பார்த்து, இவர்களையெல்லாம் கவனித்துக்கொள்ளுங்கள் என்று பொதுப்படச் சொல்லி விட்டுவிடவில்லை. முஹாஜிர் ஒருவருக்கு அன்சாரி ஒருவர் எனப் பெயர் குறித்துச் சகோதரர்களாகச் சேர்த்துவைத்தார்கள். அப்துர் ரஹ்மானுக்கு வாய்த்தவர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) என்னும் செல்வந்தர்.

ஸஅத் தம் சொத்தில் சரிபாதியைத் தருவதாகச் சொன்னார். அப்துர் ரஹ்மானோ, அவருடைய குடும்பத்திலும் பொருளிலும் அல்லாஹ் பரக்கத்துச் செய்யட்டும் என்று துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது, வழியைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்டார். கைனுகா சந்தைக்கு வழி காட்டினார்கள். அன்றே பாலாடைக்கட்டியும் நெய்யும் கொண்டு வந்து வியாபாரத்தைத் தொடங்கினார். சில காலத்திற்குள் மணம் முடிக்கும் அளவுக்கு நிமிர்ந்துவிட்டார்.

நாம் பலமுறை கேட்ட வரலாறுதான் இது. கேட்கும்போதெல்லாம் ஸஅதின் தாராளத்தையும் அப்துர் ரஹ்மானின் தன்மானத்தையும் புகழ்கிறோம். ஆனால், நடுவில் இருக்கும் ஒன்றைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். வந்தவருக்கென்று பெயர் குறித்த ஒருவர் இருந்தார். அவரிடம் வழி கேட்க முடிந்தது. அவரும் காட்டினார். சந்தையும் வந்தவரை உள்ளே விட்டது. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அப்துர் ரஹ்மானின் திறமை வெளிப்பட வழி ஏது?

இந்த வரலாற்றை இன்று எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் சமூகத்திலும் கையில் ஒன்றுமில்லாமல் வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். போதைப் பழக்கத்தில் விழுந்து, சிகிச்சையும் மறுவாழ்வும் பெற்றுத் திரும்பும் நம் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன். நம் இதழில் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களின் செய்தி வருகிறது, திருமணச் செய்தி வருகிறது, பரிசு வாங்கிய மாணவர்களின் படம் வருகிறது. உள்ளே போய்வந்த பிள்ளையைப் பற்றி மட்டும் எங்கும் பேச்சில்லை. பேசாமல் இருப்பதால் அவன் இல்லாமல் போய்விடுவானா?

பாவமா, நோயா?

இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு அதிலேயே நின்றுவிடுபவர்கள் பலர். மார்க்கத்தின் தீர்ப்பில் ஐயம் கிடையாது. அறிவை மயக்கும் மதுவைத் திருமறை படிப்படியாக விலக்கி, இறுதியில் முற்றாகத் தடுத்துவிட்டது. அபின், ஹெரோயின், கஞ்சா, ஐஸ் என்று சொல்லப்படும் மெத்தம்பெட்டமைன் ஆகியவற்றையும் மார்க்க அறிஞர்கள் அந்தத் தடையில்தான் சேர்க்கிறார்கள். ஆகவே இது பாவமே.

ஆயினும் இது நோயாகவும் இருக்கிறது. பழக்கம் முற்றினால் மூளையில் ஆசையையும் அடக்கத்தையும் ஆளும் பகுதிகளே மாறுதல் அடைகின்றன என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போல நீண்ட காலம் கவனிக்க வேண்டிய நோய் இது. சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 40 முதல் 60 பேர்வரை மறுபடியும் ஒருமுறையாவது சறுக்குகிறார்கள் என்பது மருத்துவ உலகில் வழங்கும் கணக்கு. இரத்தக் கொதிப்புக்காரர் மாத்திரையை விட்டுவிட்டு மறுபடி மருத்துவமனைக்கு வந்தால் நாம் அவரைத் துரத்துவதில்லை. திரும்ப மருந்து கொடுக்கிறோம். வியாதிக்கு மருந்து தேடுங்கள், மருந்தில்லாத வியாதியை அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபிகளாரின் போதனையன்றோ?

நாயகத்தின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். நாயகத்தைச் சிரிக்கவைக்கும் இயல்புள்ளவர். ஆனால் குடிப்பழக்கத்தை விட முடியாதவர். அதற்காகத் தண்டனையும் பெற்றவர். ஒருநாள் மறுபடி கொண்டுவரப்பட்டபோது, எத்தனை தடவைதான் இவன் வருவான் என்று ஒருவர் வெறுத்துச் சபித்தார். அவரைச் சபிக்க வேண்டாம் என்று நாயகம் தடுத்தார்கள். அல்லாஹ்வையும் அவன் தூதரையும் அவர் நேசிக்கிறார் என்றே தாம் அறிந்திருப்பதாகச் சொன்னார்கள். தண்டனை தண்டனையாக நடந்தது. ஆனால் அந்த மனிதரைக் கூட்டத்தைவிட்டு வெளியேற்ற யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. பாவம் என்பதும் நோய் என்பதும் ஒரே மனிதரிடத்தில் சேர்ந்திருக்கும்போது எப்படி நடந்துகொள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

பொறுப்பாளர் ஒருவர்

போதைச் சிகிச்சையில் இன்று ஒரு முறை பல நாடுகளிலும் கையாளப்படுகிறது. கேஸ் மேனேஜர் என்று ஒருவரை நியமிக்கிறார்கள். நாம் அவரைப் பொறுப்பாளர் என்று சொல்லிக்கொள்வோம். மருந்து கொடுப்பது அவர் வேலையன்று, தண்டிப்பதும் அவர் வேலையன்று. ஒரு நோயாளியின் காரியங்கள் அனைத்தும் ஒருவர் கண்ணில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவர் இருக்கிறார்.

இதன் தேவை எப்படிப் புரிந்தது தெரியுமா? 1960, 1970-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பெரிய மனநல மருத்துவமனைகளிலிருந்து ஏராளமான நோயாளிகளை வெளியே அனுப்பினார்கள். மருந்துக்கு ஓர் அலுவலகம், உதவிப் பணத்திற்கு ஓர் அலுவலகம், வீட்டுக்கு ஓர் அலுவலகம் என்று ஊரில் எல்லாம் தனித்தனியே இருந்தன. நோயாளிக்கோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேரத் தெம்பில்லை. இடையிலேயே பலர் காணாமற் போனார்கள். அதன் பிறகுதான், இவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போக ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. போதைச் சிகிச்சையிலும் அம்முறை பரவி, 1998-இல் அமெரிக்க அரசே இதற்கென்று விரிவான கையேடு ஒன்றை வெளியிட்டது.

வியாபாரிகளாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். சென்னையிலிருந்து சரக்கு ஏற்றுகிறோம். சரக்கு நல்லதுதான், கப்பலும் நல்லதுதான். ஆனால் இங்கே துறைமுகத்தில் பத்திரங்களைக் காட்டி, வரி கட்டி, லாரி பிடித்து, கிடங்கில் கொண்டுவந்து சேர்க்க ஓர் ஏஜண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்? மிளகாய் மூட்டை துறைமுகத்திலேயே கிடந்து பூசணம் பிடிக்கும். மூட்டைக்கு ஏஜண்டு வைக்கிறவர்கள் மனிதனை மட்டும் வாசலில் இறக்கிவிட்டு, போய் நன்றாயிரு என்று சொன்னால் அது நியாயமா?

பொறுப்பாளரின் வேலையை ஐந்தாகச் சொல்லலாம்.

முதலாவது, விசாரித்து அறிதல். என்ன போதை, எத்தனை ஆண்டு என்பதோடு விசாரணை முடிந்துவிடுவதில்லை. இரவு எங்கே படுப்பாய்? கடன் எவ்வளவு? மனைவி பேசுகிறாளா? பிள்ளை பள்ளிக்குப் போகிறதா? உடம்பில் வேறு நோய் உண்டா? தூக்கம் வருகிறதா? உனக்கு என்ன வேலை தெரியும்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. அவனிடம் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் பாராமல், என்ன நல்லது மிஞ்சியிருக்கிறது என்றும் பார்க்கிறார்.

இரண்டாவது, திட்டமிடுதல். இனி நல்லவனாக இருப்பேன் என்று வாங்கும் சத்தியம் திட்டமாகாது. இந்த வாரம் அடையாள அட்டைக்கு எழுதுவது, அடுத்த செவ்வாய் டாக்டரைப் பார்ப்பது, மாத முடிவுக்குள் தாயாரிடம் பேசுவது என்று நாள் குறித்த சிறு காரியங்களாக அவனோடு உட்கார்ந்து எழுதிக்கொள்கிறார். மதுவைத் தடுத்த இறைவனே படிப்படியாகத் தடுத்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இணைத்துவைத்தல். விலாசம் எழுதிக் கொடுப்பது இணைப்பாகாது. முதல் தடவை கூடவே போகிறார், அறிமுகம் செய்கிறார், உள்ளே அமர்ந்தானா என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

நான்காவது, தொடர்ந்து கவனித்தல். வெளியே வந்த முதல் இரண்டு வாரங்கள் மிகவும் ஆபத்தானவை. அடைபட்டிருந்த காலத்தில் உடம்பு போதையைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. பழைய அளவில் ஒருமுறை எடுத்தாலும் உயிரே போய்விடக்கூடும். ஆகவே அந்நாட்களில் அடிக்கடி கூப்பிடுகிறார், நேரில் பார்க்கிறார். சந்திப்புக்கு வராவிட்டால், வரவில்லை என்று ஏட்டில் குறித்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை, தேடிப் போகிறார்.

ஐந்தாவது, பரிந்து பேசுதல். வீட்டுக்காரரிடம், முதலாளியிடம், அலுவலகங்களில், சில வேளை சொந்தத் தகப்பனாரிடமே அவனுக்காக ஒரு வார்த்தை சொல்கிறார்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், ஷாம் நாட்டைச் சேர்ந்த ஒருவரைச் சில காலமாகக் காணவில்லையே என்று விசாரித்தார்கள். அவர் குடியில் விழுந்துவிட்டார் என்று தெரிந்தது. ஆட்சியின் அத்தனை காரியங்களுக்கும் நடுவில் எழுத்தரை அழைத்து, அல்லாஹ்வின் மன்னிப்பை நினைவூட்டி அவருக்கு ஒரு கடிதம் எழுதச் செய்தார்கள். அதைப் படித்துப் படித்து அழுது அவர் திருந்தினார் என்று அறிஞர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். காணாமற் போனவரைக் காணவில்லையே என்று கேட்க ஒருவர் இருந்தார் என்பதே இதன் உயிர்.

நம் சிங்கப்பூரில்

இந்நாட்டில் 1971-இல் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவும், 1973-இல் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டமும் வந்தன. சட்டம் கடுமையானது என்பது நாம் அறிந்ததே. ஆனால் கடுமையோடு மறுவாழ்வும் வளர்ந்து வந்திருக்கிறது. போதைப் புழக்கத்திற்காகப் பிடிபட்டவரைப் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்தில் வைக்கிறார்கள். 2019-இல் செய்த திருத்தத்தின்படி அங்கே 4 ஆண்டுகள் வரையிலும், வெளியே வந்தபின் மேற்பார்வையில் 5 ஆண்டுகள் வரையிலும் வைக்க இடமுண்டு. நிலையத்தில் இருக்கும் காலத்தின் பிற்பகுதியில், தகுதியுள்ளவர்கள் வீட்டிலோ மறுவாழ்வு இல்லத்திலோ தங்கி வேலைக்குப் போகலாம். முஸ்லிம் அமைப்புகளாகிய ஜாமியாவும் பெர்தாப்பிஸும் அத்தகைய இல்லங்களை நடத்துகின்றன. அரசாங்கமே செலாராங்கில் ஓர் இல்லத்தை 2019-இல் திறந்தது.

வேலை தேடித் தரவும் தொழில் கற்பிக்கவும் 1976-இல் தொடங்கிய நிறுவனம் 2020 முதல் மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர் என்ற பெயரில் இயங்குகிறது. 1972-இல் தொடங்கிய சானா என்னும் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கம் வெளியே வந்தவர்களோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் உழைத்து வருகிறது. மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்திற்கென்றே ஒரு தேசியச் சேவையும் உண்டு. இவ்வளவும் இருந்தும் பிள்ளைகள் மறுபடி விழுகிறார்களே, ஏன்?

இதற்கு விடை தேடும்போது ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். கேஸ் மேனேஜர் முறையைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்த அறிஞர்கள் 2007-இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பொறுப்பாளர் ஒருவர் இருந்தால் நோயாளி தனக்குத் தேவையான உதவிகளிடம் போய்ச் சேருகிறார், இது உறுதியாகிறது என்றார்கள். ஆனால் அதனால் மட்டும் போதைப் புழக்கம் குறைகிறது என்று துணிந்து சொல்லச் சான்று போதவில்லை என்றும் ஒளிவுமறைவின்றி எழுதினார்கள்.

சகோதரர்களே, இதன் பொருள் என்ன? நான் விளங்கிக்கொண்டது இதுதான். பொறுப்பாளர் அவனை வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கிறார். வாசலைத் திறப்பது அவர் கையில் இல்லை. ஸஅத் சந்தைக்கு வழி காட்டினார், சந்தை அப்துர் ரஹ்மானுக்கு இடம் கொடுத்தது. இன்று வழி காட்ட ஆள் இருக்கிறார்கள். சந்தை யார் கையில் இருக்கிறது? நம் கையில் அல்லவா இருக்கிறது!

நான் அடைத்த வாசல்

ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன் என் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். நான் ஆலிமல்லன், மளிகைக் கடைக்காரன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல், ஓர் இளைஞனை அழைத்துக்கொண்டு ஓர் அதிகாரி அம்மையார் என் கடைக்கு வந்தார். பையன் நம் ஊர்க்காரன், அவன் பாட்டனாரை எனக்குத் தெரியும். மறைக்காமல் விவரத்தைச் சொல்லி, மூட்டை தூக்கும் வேலையானாலும் போதும் என்றார்கள். நான் நோன்பு முடியட்டும், பிறகு வாருங்கள் என்றேன். அது இல்லை என்பதற்கு நாம் சொல்லும் மரியாதையான சொல் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போனான். பெருநாளுக்குப் பிறகு அவன் வரவில்லை. மறு ஆண்டு அவன் மீண்டும் உள்ளே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் வேலை கொடுத்திருந்தால் போயிருக்க மாட்டான் என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் மறுமையில் அந்தப் பிற்பகலைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்பதும் தெரியவில்லை.

பின்னர் வேறொருவர் வந்தபோது வேலை கொடுத்தேன். முதல் மூன்று மாதம் நன்றாக நடந்தது. நான்காம் மாதம் இரண்டு நாள் ஆளைக் காணோம். கடைப்பையன்கள் மறுபடியும் போய்விட்டான் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் பழைய நினைவு உறுத்தவே, கணக்கை முடிக்காமல் அவருடைய பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். பழைய கூட்டாளி ஒருவன் கடைவாசலில் வந்து நின்று கூப்பிட்டிருக்கிறான். இவர் பயந்துபோய் வெளியே தலைகாட்டாமல் வீட்டிலேயே கிடந்திருக்கிறார். குற்றம் செய்யப் பயந்தவரைக் குற்றம் செய்தவர் என்று நாங்கள் முடிவுகட்டிவிட்டோம்! முன்கடையிலிருந்து பின்பக்கக் கிடங்குக்கு வேலையை மாற்றினோம். வேலை நேரத்தையும் ஒரு மணி முன்னதாக வைத்தோம். எனக்கு ஒரு காசு செலவில்லை. அந்த ஒரு தொலைபேசி அழைப்பு இல்லாதிருந்தால் நான் இன்னொரு வாசலையும் அடைத்திருப்பேன்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய தர்மம் எதையும் நான் கேட்கவில்லை. நம் தொழிலுக்குள்ளேயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

வேலை கொடுக்கும்போது பொறுப்பாளர் யார் என்று கேட்டு, அவர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் வரவில்லையானால் முதலில் அவரைக் கூப்பிடுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

மேற்பார்வையில் இருப்பவர் குறித்த நாளில் சிறுநீர்ப் பரிசோதனைக்கோ முடிப் பரிசோதனைக்கோ போயாக வேண்டும். தவறினால் அது குற்றமாகிவிடும். அன்று கடையில் கூட்டம் என்று தடுக்காதீர்கள். அந்த நாளைக் காலண்டரில் நீங்களே வட்டமிட்டு வையுங்கள். ஜும்ஆவுக்கு ஆள் அனுப்புகிற நமக்கு இது சிரமமா?

கூலியைக் காலத்தில் கொடுங்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கை நிறையப் பணம் வரும் நாளே சிலருக்குச் சோதனை நாளாகிவிடுகிறது. அவர் விரும்பினால், பொறுப்பாளரோடு கலந்து வாரக் கூலியாகவோ வங்கிக் கணக்கிலோ கொடுக்கலாம். அவர் சம்மதமில்லாமல் மனைவியிடமோ தகப்பனாரிடமோ கொடுத்துவிடாதீர்கள். அது அவருடைய ஹக்கு.

அவர் விவரம் தெரிய வேண்டியவர்கள் இரண்டொருவர்தான். தேநீர்க் கடையில் உட்கார்ந்து அதைப் பேசுவது புறம் பேசுவதாகும். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று நாயகம் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். நமக்கும் மறைக்க வேண்டிய குறைகள் உண்டு.

அவர் மறுபடி சறுக்கினால், அதை மறைத்துக் காப்பாற்றுவது உதவியாகாது. கல்லாப் பெட்டியைத் திறந்துவைத்துச் சோதிப்பதும் உதவியாகாது. பொறுப்பாளருக்குத் தெரிவியுங்கள், சிகிச்சைக்குப் போகச் சொல்லுங்கள். திரும்பி வந்தால் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக, பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை கெட்டுவிட்டான் என்று தெரிந்ததும் ஊருக்கு அனுப்பி ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் திருந்திவிடுவான் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. இது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம். வியாபாரத்தில் சரக்கின் குறையை மறைத்து விற்பது ஹராம் என்று தெரிந்தவர்கள், பெண் வீட்டாரிடம் மட்டும் மகனின் குறையை மறைக்கலாமா? அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களும் மணம் முடித்தார்கள். ஆனால் சந்தைக்குப் போய்க் காலூன்றிய பிறகல்லவா முடித்தார்கள்! முதலில் சிகிச்சை, பிறகு வேலை, பிறகு கல்யாணம். வரிசையை மாற்றாதீர்கள். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நல்லதே. அவற்றோடு மருத்துவரையும் பாருங்கள்.

தௌபாவின் வாசலை அல்லாஹ் உயிர் தொண்டைக் குழியை அடையும்வரை திறந்தே வைத்திருக்கிறான். அவன் திறந்துவைத்த வாசலுக்கும் நம் கடை வாசலுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு பிள்ளை தனியே நடந்துவருவது கடினம். கூடவே நடந்துவர ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். அவர்கள் வந்து நிற்கும்போது நோன்பு முடியட்டும் என்று சொல்லிவிடாதீர்கள்.

யா அல்லாஹ்! போதையில் சிக்கிய எங்கள் பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும் தௌபாவையும் நஸீபாக்குவாயாக. அவர்கள் கைப்பிடித்து நடக்கும் மருத்துவர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும், எந்த மார்க்கத்தவராயினும், நற்கூலி தருவாயாக. கண்ணீரோடு காத்திருக்கும் தாய்மார்களுக்கு ஆறுதல் அளிப்பாயாக. எங்கள் வியாபாரத்தில் பரக்கத்துச் செய்வாயாக. அந்தப் பரக்கத்தில் வந்து நிற்பவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை எங்கள் நெஞ்சில் பதிப்பாயாக. நாங்கள் அடைத்த வாசல்களுக்காக எங்களை மன்னிப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.